பேஸ் கேட்கும் பிள்ளைக்குப் பேஸே வாங்கிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறையில் பிள்ளைகள் என்ன இசை கற்கலாம் என்று உங்கள் நாளிதழில் வந்த பக்கத்தைப் படித்தேன். கீபோர்டு, கிடார், டிரம்ஸ், வயலின், தபேலா என்று ஒவ்வொன்றுக்கும் நல்ல யோசனைகள் சொல்லியிருந்தீர்கள். ஒரே ஒரு வரி மட்டும் மனதில் தைத்துவிட்டது. பாட்டுக்கு அடியில் கனமாக ஒலிக்கும் பேஸ் கிடார் கற்க விரும்புகிறவர்கள் முதலில் சாதாரண கிடாரில் ஓரிரு வருடம் பழகுவது நல்லது என்ற வரி. நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பீர்கள். இதே யோசனையால் ஒரு பெண் பிள்ளையின் முழு வருடம் வீணாய்ப் போனதை நான் கிட்ட இருந்து பார்த்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் கோவை கணபதியில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார், சப்மெர்சிபிள், கிரைண்டர் மோட்டார் என்று எது எரிந்து வந்தாலும் பழைய கம்பியை உருவிவிட்டுப் புதுக் காயில் (கம்பிச் சுருள்) கட்டிக் கொடுப்பது பிழைப்பு. 1988-லிருந்து மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிடார் வாசித்து வருகிறேன். அவினாசி, பல்லடம், கோபி, பெருந்துறை, தாராபுரம் என்று நோம்பிக்கு நோம்பி மேடை ஏறியிருக்கிறேன். பூச்சாட்டி, கம்பம் நட்டு, ஊரே ராத்திரியெல்லாம் விழித்திருக்கும் அந்த நாட்களில் ஒரு நாள் கச்சேரிக்கென்று ஒதுக்குவார்கள். டிரம்ஸுக்குப் பக்கத்தில், வெளிச்சம் பாதி விழுகிற இடத்தில் நின்றுகொண்டு விடிய விடிய வாசிப்போம். அதில் எனக்கு இருக்கிற சந்தோசம் வேறு எதிலும் இருந்ததில்லை.

போன ஐப்பசியில் காங்கேயம் பக்கமிருந்து ஒரு விவசாயி ஏழரை எச்.பி. மோட்டாரை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார். சுவரில் மாட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, “ஏனுங்ணா, அது பேஸ் கிடாருங்களா?” என்றார். பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதைக் கிடார் என்றுதான் சொல்வார்கள். பேஸ் என்று பெயர் சொல்லிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு மகளைப் பற்றிச் சொன்னார்.

பத்தாவது படிக்கும்போது ஒரு கல்யாண மண்டபத்தில் கச்சேரி நடந்திருக்கிறது. இந்தப் பிள்ளை சாப்பிடக்கூடப் போகாமல் பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். “அப்பா, பாட்டுக்கு அடியில ஒண்ணு போகுதே, அது எதுப்பா?” என்று கேட்டிருக்கிறாள். அவருக்குத் தெரியவில்லை. மேடையோரம் போய் விசாரித்து, அதன் பெயர் பேஸ் கிடார் என்று தெரிந்துகொண்டு வந்து சொல்லியிருக்கிறார். அப்புறம் அதையே வாங்கித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். இவரும் விவரம் தெரிந்தவர்கள் என்று மூன்று பேரிடம் விசாரித்திருக்கிறார். மூவரும் ஒரே மாதிரி, முதலில் ஆறு கம்பி கிடார் பழகட்டும், பேஸ் அப்புறம் தானாக வரும் என்று சொல்லிவிட்டார்கள். கிடார் வாங்கி, சனிக்கிழமை தவறாமல் வகுப்புக்குக் கூட்டிப் போய், ஒரு வருடம் காசு கட்டியிருக்கிறார். வகுப்பில் கார்டு, அதாவது பல கம்பிகளைச் சேர்த்து ஒன்றாக ஒலிக்கிற பிடி, பிடிக்கச் சொன்னால் இவள் தடித்த கம்பிகளில் ஒற்றைச் சுரமாகத் தட்டிக்கொண்டிருப்பாளாம். அதற்குத் திட்டு வாங்குவாளாம். கடைசியில், “எனக்குச் சங்கீதம் வராதுப்பா” என்று சொல்லி விட்டுவிட்டாள். கிடார் பீரோ மேல் ஏறிவிட்டது.

எனக்குச் சங்கீதம் வராது என்று பதினாறு வயதில் ஒரு பிள்ளை முடிவு கட்டியதை அவர் சொன்னபோது எனக்குத் தாங்கவில்லை. மோட்டார் எடுக்க வரும்போது அவளையும் கூட்டி வரச் சொன்னேன்.

மூன்றாம் நாள் வந்தாள். பேஸைச் சுவரிலிருந்து இறக்கி அவள் மடியில் வைத்தேன். ஆம்ப்ளிஃபயர் போடவில்லை. ஏ கம்பியை மட்டும் ஒரு தடவை மீட்டச் சொன்னேன். கிடாரின் முதுகு அவள் வயிற்றில் அதிர்ந்தது. நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அரை மணி நேரத்தில், ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்த பாட்டுக்கு அடிச்சுரங்களைத் தானாகக் காதால் தேடிப் பிடித்துவிட்டாள். ஒரு வருட வகுப்பில் இந்தக் காதை யாருமே கவனிக்கவில்லை.

பார்க்கிறவர்களுக்குப் பேஸ் என்பது இரண்டு கம்பி குறைந்த கிடார் மாதிரித் தெரியும். அவள் அப்பாவே கிட்ட வந்து எண்ணிப் பார்த்துவிட்டு, “நாலுதானுங்களா?” என்றார். இ, ஏ, டி, ஜி என்று நான்கு. கிடாரின் தடித்த நான்கு கம்பிகளுக்கும் இவைதான் பெயர், ஆனால் பேஸில் ஒவ்வொன்றும் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். கிடாரின் தடித்த கம்பி விநாடிக்கு 82 தடவை அதிர்கிறது. பேஸின் தடித்த கம்பி 41 தடவை. அதே கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட்) அழுத்தினால் வருகிற ஜி சுரம் 49. நம் வீட்டுக்கு வரும் கரண்ட் 50. அந்தக் கணக்கை ஒரு வைண்டிங்காரன் மறக்க மாட்டான்.

அதோடு நீளம் இருக்கிறது. கம்பி அதிரும் நீளம் வழக்கமான எலெக்ட்ரிக் கிடாரில் 25½ அங்குலம், பேஸில் 34. முதல் ஃப்ரெட்டின் அகலத்தை வெர்னியரில் அளந்து பார்த்தால் கிடாரில் 36 மில்லிமீட்டர், பேஸில் 48 மில்லிமீட்டர் இருக்கும். கிடாரில் ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று வைத்துப் பழகிய இடது கை, பேஸின் கீழ்ப் பகுதியில் அப்படி வைத்தால் மணிக்கட்டு நோகும். ஆட்காட்டி விரல், நடு விரல், மோதிர விரலும் சுண்டு விரலும் சேர்ந்து ஒன்று என்று நின்று வாசிக்கிற பெரிய டபுள் பேஸ்காரர்கள் வைக்கிற முறைதான் அங்கே சரிப்படும். வலது கையில் ஆட்காட்டி விரலும் நடு விரலும் மாறி மாறி நடக்க வேண்டும். அதே சமயம் வாசிக்காத கம்பிகள் சும்மா அதிராமல் அமுக்கிப் பிடிக்கவும் வேண்டும். கிடார் வகுப்பில் முதல் ஆறு மாதம் சொல்லித் தருகிற கார்டுகள் பேஸில் அபூர்வமாகத்தான் வரும். அப்படியிருக்க, அதைக் கற்றுவிட்டு இதற்கு வா என்று ஏன் சொல்ல வேண்டும்? தவில் கேட்கிற பையனிடம் இரண்டு வருடம் மிருதங்கம் பழகிவிட்டு வா என்று நாம் சொல்வதில்லையே.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது. பெரிய பேஸ் கலைஞர்களில் பலர் கிடாரிலிருந்து வந்தவர்கள்தான். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி அப்படி. லாஸ் ஏஞ்சலீஸ் ஸ்டூடியோக்களில் கணக்கில்லாமல் வாசித்த கரோல் கே அம்மையாரும் கிடார்க்காரர்தான். 1963-ல் ஒரு ஒலிப்பதிவுக்குப் பேஸ் வாசிக்கிறவர் வராமல் போக, அந்த இடத்தில் உட்கார்ந்தவர். ஆனால் அந்தக் காலத்தில் எலெக்ட்ரிக் பேஸ் என்ற வாத்தியமே புதுசு. லியோ ஃபெண்டர் ப்ரிசிஷன் பேஸை வெளியிட்டது 1951-ல்தான். அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கேட்டாலும் வாங்கிக் கொடுக்க ஊரில் ஒன்றும் இருந்திருக்காது. இன்றைக்கு அந்த நிலைமை இல்லையே.

லியோ ஃபெண்டர் என்ற பெயரைச் சொன்னதும் இன்னும் இரண்டு வார்த்தை சொல்ல ஆசை. கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. அதற்கு முன்னால் பேஸ் வாசிக்கிறவர்கள் ஆள் உயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். பித்தளை வாத்தியங்களும் டிரம்ஸும் முழங்கும்போது அது வெளியே கேட்காது. அதில் ஃப்ரெட் கிடையாது, சுரம் எங்கே என்று விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஃப்ரெட் வைத்து, காந்தமும் காயிலும் வைத்து, பெல்ட்டில் தொங்கவிட்டுக்கொண்டு போகிற மாதிரி ஒன்றைச் செய்து, சுரம் துல்லியமாக நிற்கும் என்பதால் ப்ரிசிஷன் என்று பெயர் வைத்தார். பட்டறையில் கம்பி சுற்றிப் பிழைக்கிற எனக்கு அந்த மனிதர் மேல் தனி மரியாதை உண்டு.

அவர் செய்ததில் என்னை ரொம்பவும் கவர்ந்தது 1957-ல் வந்த மாற்றம். அதற்கு முன், கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் ஒரே காயில். பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மரோ டியூப் லைட்டோ இருந்தால் அந்தக் காயில் அதன் இரைச்சலையும் சேர்த்துப் பிடித்து ‘ம்ம்ம்’ என்று ஓயாமல் முனகும். 1957-ல் காயிலை இரண்டாக வெட்டினார்கள். இரண்டு கம்பிக்கு ஒரு காயில், மற்ற இரண்டுக்கு இன்னொரு காயில். ஒன்றில் காந்தமும் சுற்றும் மற்றதற்குத் தலைகீழ். கம்பியின் ஒலி அப்படியே வரும், வெளியிலிருந்து வரும் இரைச்சல் மட்டும் ஒன்றுக்கொன்று எதிராகி அழிந்துபோகும். அதற்குப் போடுகிற 42 கேஜ் எனாமல் கம்பி தலைமுடியைவிட மெல்லியது. ஆயிரக்கணக்கான சுற்று, கையில் கொஞ்சம் இழுவை கூடினால் அறுந்துவிடும். அறுந்துபோன பழைய பிக்கப்புகளை என் பட்டறையில் நானே திரும்பச் சுற்றியிருக்கிறேன். ஏழரை எச்.பி. மோட்டாருக்குக் கட்டுவதைவிடப் பொறுமை வேண்டும் அதற்கு.

சரி, வாங்குகிற விசயத்துக்கு வருகிறேன். கம்பெனிப் பெயரையும் நிறத்தையும் பார்க்கும் முன்னால் பிள்ளையின் தோளையும் கையையும் பாருங்கள். பேஸ் ஏறத்தாழ நான்கு கிலோ எடை இருக்கும். ஐந்து நிமிடம் கடையில் உட்கார்ந்து வாசித்தால் எடை தெரியாது. நின்று, பெல்ட்டில் மாட்டி, கையை விட்டுப் பாருங்கள். கழுத்துப் பக்கம் தானாகக் கீழே சாய்ந்தால் வேண்டாம். அந்தத் தலையைத் தூக்கிப் பிடிக்கவே இடது கை களைத்துவிடும், வாசிக்க முடியாது. கை சிறியதாக இருந்தால் கம்பி நீளம் 30 அங்குலம் உள்ள ஷார்ட் ஸ்கேல் கேளுங்கள். மெக்கார்ட்னி வாசித்த வயலின் வடிவ ஹோஃப்னர் அந்த நீளம்தான், அதனால் அது சின்னப் பிள்ளைகளின் பொம்மை என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். 34 அங்குலமே வேண்டும் என்றால் ஜாஸ் பேஸ் வடிவத்தில் பாருங்கள். அதில் கழுத்து தலைப்பக்கம் 38 மில்லிமீட்டர்தான் இருக்கும், கைக்குள் அடங்கும். ஐந்து கம்பி, ஆறு கம்பி எல்லாம் பிறகு. நான்கு கம்பியில் வாசிக்க முடியாத பாட்டை எங்கள் நோம்பிக் கச்சேரிகளில் இத்தனை வருடத்தில் நான் எண்ணிச் சொல்லிவிடுவேன்.

புதிதாக வாங்குவதென்றால் யமஹா, ஐபனீஸ், ஸ்குயர், கோர்ட் மாதிரிப் பெயர்களில் தொடக்க நிலைப் பேஸ்கள் 15,000 முதல் 25,000 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. பழையது வாங்கத் தயங்காதீர்கள். கல்லூரியில் குழு சேர்ந்து, வேலைக்குப் போனதும் விட்டுவிட்ட பையன்கள் வீட்டில் எத்தனையோ தூங்குகின்றன. பழையதில் பார்க்க வேண்டியது கழுத்து. உடலின் அடிப்பக்கத்திலிருந்து துப்பாக்கி குறி பார்ப்பது மாதிரி ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பாருங்கள். முறுக்கிக்கொண்டு இருந்தால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் விட்டுவிட்டு வாருங்கள். வளைவு சரிசெய்யக்கூடியது, முறுக்கு அப்படியில்லை. நான் முதலில் வாங்கியது முறுக்கிய கழுத்து. எட்டு மாதம் அதோடு போராடினேன், பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் சுருதியே நிற்கவில்லை.

இன்னொன்று. 2017-க்குப் பிறகு வந்த சிலவற்றில் ஃப்ரெட் பதித்த பலகை ஈட்டி (ரோஸ்வுட்) மரமாக இருக்காது. நம் ஆனைமலையிலும் நீலகிரியிலும் வளரும் ஈட்டி உட்பட அந்த இன மரங்கள் எல்லாவற்றுக்கும் அந்த வருடம் சர்வதேச வணிகக் கட்டுப்பாடு வந்தது. அதனால் கம்பெனிகள் வேறு மரத்துக்கு மாறின. இசைக் கருவிகளுக்கு 2019 கடைசியில் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த இடைக்காலத்துப் பேஸ்களை ‘ரோஸ்வுட் இல்லாத மட்டச் சரக்கு’ என்று சொல்லி ஒதுக்க வேண்டியதில்லை. நான் வாசித்துப் பார்த்த இரண்டும் நன்றாகவே இருந்தன.

காங்கேயம் விவசாயி என் பேச்சைக் கேட்ட ஒரு வாரத்துக்குள், ஆர்வத்தில் அவராகவே ஒரு கடையில் புதுப் பேஸ் ஒன்றை வாங்கிவிட்டார். பிள்ளை இரண்டு நாள் வாசித்துவிட்டு விரல் நுனி கொப்பளித்துப் போய் வந்தாள். பார்த்தேன். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே 5 மில்லிமீட்டர் இடைவெளி. இரண்டு, இரண்டரை இருந்தால் போதும். பெட்டியைப் பிரித்ததும் அப்படியே எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். எத்தனையோ பிள்ளைகள் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். கை வலிக்குது என்று சொன்னால், பழகப் பழகச் சரியாகிவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். ஐந்து மில்லிமீட்டர் எத்தனை வருடம் பழகினாலும் ஐந்து மில்லிமீட்டர்தான்.

கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது, அதற்கு ட்ரஸ் ராடு என்று பெயர். நான்கு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை ஏறத்தாழ எழுபது, எண்பது கிலோ விசையில் இழுத்துக்கொண்டே இருக்கும். அதைத் தாங்கி நேராக வைப்பது இந்த ராடுதான். கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, நடுவில் ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இருந்தால் நல்லது. அதிகமாக இருந்தால் ஆலன் கீ போட்டுக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாமல், ஒரு நாள் விட்டு மறுபடி பார்த்துச் சரிசெய்ய வேண்டும். முதல் தடவை தெரிந்தவர் கையால் செய்யட்டும். அந்தப் பிள்ளையின் பேஸுக்குக் கழுத்தையும், உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜையும் சேர்த்துச் சரிசெய்ய எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. செலவு ஒரு ரூபாய் இல்லை.

நம் பக்கத்துக் காற்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பங்குனி, சித்திரையில் காங்கேயம், கரூர், ஈரோடு பக்கம் காய்கிற காய்ச்சலில் மரம் சுருங்கி, ஃப்ரெட்டின் உலோக முனைகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு கையைக் கீறும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக் காற்று அடிக்கும்போது கழுத்து மறுபடி அசையும். காருக்குள் வெயிலில் போட்டுவிட்டுக் கடைவீதிக்குப் போகாதீர்கள். தகரக் கூரை வீட்டில் பீரோ மேல் வைக்காதீர்கள். வருடத்துக்கு இரண்டு தடவை, வெயில் ஆரம்பத்திலும் காற்று ஆரம்பத்திலும், அந்த விசிட்டிங் கார்டை எடுத்துப் பார்த்துவிட்டால் போதும்.

கம்பி ஒரு செட் விலை அதிகம். ஆனால் கிடார் மாதிரி அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை. வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் கீழும் மேலும் துடையுங்கள். ஒலி மங்கிப்போன கம்பியைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவிட்டு, நன்றாக உலர்த்தி மறுபடி மாட்டினால் கொஞ்ச நாளைக்குப் பளிச்சென்று ஒலிக்கும். கம்பி கிடைக்காத எண்பதுகளின் கடைசியில் நான் அப்படித்தான் ஓட்டினேன். அமெரிக்காவில் மோடவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வழவழப்பான ஃப்ளாட்வூண்ட் கம்பி போட்டு, அறுந்தால் ஒழிய மாற்றாமல், வலது கையின் ஒற்றை விரலால் வாசித்தார். அந்த மங்கலான, உருண்டையான ஒலிக்காகவே இன்றும் அந்தக் கம்பியைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

பெற்றோர் ஒரு விசயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பிள்ளை எதைக் கேட்டு ஆசைப்பட்டது என்பது போன் ஸ்பீக்கரில் கேட்டால் தெரியவே தெரியாது. விரல் நகம் அளவு ஸ்பீக்கர் 41 ஹெர்ட்ஸை எப்படிக் கொடுக்கும்? நல்ல ஹெட்ஃபோன் மாட்டி, இளையராஜா பாடல்களில் சசிதரன் வாசித்ததையும், ரகுமான் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததையும் ஒரு தடவை பாடகர் குரலை விட்டுவிட்டு அடியிலேயே காதை வைத்துக் கேளுங்கள். நாம் பல்லவி என்று நினைத்து முணுமுணுப்பதில் பாதி அங்கே இருப்பது தெரியும். தாளமும் சுருதியும் கைகோத்து நடக்கிற இடம் அது. டிரம்ஸின் கிக் எங்கே விழுகிறதோ அங்கே பேஸ் விழ வேண்டும், அடுத்த சுரம் எங்கே போகப்போகிறது என்று பாடுகிறவருக்கு முன்கூட்டியே வழிகாட்டவும் வேண்டும். எங்கள் பக்கத்து ஜமாப் மேளத்தில் பெரிய மேளம் நின்றுபோனால் ஆடுகிற கால்கள் தடுமாறுவதைப் பார்த்திருப்பீர்கள். பேஸ் நின்றாலும் அப்படித்தான்.

ஆகவே பிள்ளை பழகும்போது வேகத்தைப் பார்க்காதீர்கள். தாளம் தட்டும் மெட்ரோனோம் போட்டு, ஒரே சுரத்தை ஒரே அளவில், ஒரே நீளத்தில் ஐந்து நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் மூல சுரம், பஞ்சமம், மேல் ஸ்தாயி மூல சுரம் என்று மூன்றே சுரத்தில் பிடித்த பாட்டு முழுவதும் கூட வரட்டும். சுரத்தை எங்கே தொடங்குகிறாள் என்பதைப் போலவே எங்கே நிறுத்துகிறாள் என்பதையும் கவனியுங்கள். வீட்டுக்குச் சின்னப் பேஸ் ஆம்ப்ளிஃபயர் அல்லது ஹெட்ஃபோன் போதும். கிடார் ஆம்ப்ளிஃபயரில் சொருகிச் சத்தத்தைக் கூட்டினால் அதன் ஸ்பீக்கர் கிழிந்துவிடும்.

மேடைக்கு வந்தால் ஒரு எச்சரிக்கை. இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கிராமத்து மேடைகளில் ஜெனரேட்டரிலிருந்து லைன் இழுப்பார்கள், எர்த் இருக்காது. கிடார் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு இணைந்தவை. ஆம்ப்ளிஃபயர் ஒரு லைனிலும் மைக் செட் இன்னொரு லைனிலும் இருந்து, எங்கேயாவது கசிவு இருந்தால், கம்பியைப் பிடித்தபடி உதட்டை மைக்கில் வைத்ததும் ஷாக் அடிக்கும். ஒரு நோம்பியில் எனக்கு அப்படி அடித்துப் பின்னால் விழுந்தேன், வலது கை இரண்டு நாள் மரத்துக் கிடந்தது. ஒரு எர்த் ராடு அடிக்க அரை மணி நேரம் ஆகும். மைக் செட்காரர்களும் விழாக் குழுவினரும் அந்த அரை மணி நேரத்தை ஒதுக்க வேண்டும். வாசிக்கிறவர்கள் கம்பியைத் தொடும் முன் மைக்கின் வலையை டெஸ்டரால் தொட்டுப் பாருங்கள்.

தொண்ணூறுகளுக்குப் பிறகு கீபோர்டுக்காரரின் இடது கையே போதும் என்று பல குழுக்கள் பேஸை நிறுத்திவிட்டன. இப்போது பதிவு செய்த இசையை டிராக்காகப் போட்டுப் பாடுகிறார்கள். எனக்கும் வாய்ப்புகள் குறைந்தன. அதைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல விருப்பமில்லை. இப்படி இருக்கிற காலத்தில் ஒரு பிள்ளை தானாக வந்து பேஸ் வேண்டும் என்று கேட்கிறது. அதைச் சுற்று வழியில் அனுப்பாதீர்கள் என்பதுதான் என் கோரிக்கை. மும்பையில் மோகினி டே மூன்று வயதில் அப்பாவிடம் நேரடியாகப் பேஸ் பழகத் தொடங்கியவர். உலக மேடைகளில் வாசிக்கிறார், ரகுமானோடும் வாசித்திருக்கிறார். அவருடைய வீடியோ ஒன்றை அந்தப் பிள்ளைக்குக் காட்டினேன். “மாமா, இவங்க கிடார் படிக்கலையா?” என்றுதான் முதலில் கேட்டாள். “இல்லை அம்மிணி” என்றேன். அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை, வீடியோவை மறுபடி முதலிலிருந்து போட்டாள்.

ஐப்பசியிலிருந்து சனிக்கிழமை தோறும் அப்பாவும் மகளும் பஸ்ஸில் வருகிறார்கள். பட்டறையில் வார்னிஷ் வாசனைக்கு நடுவில் ஒரு மணி நேரம் வாசிப்போம். அடுத்த கோடைப் பக்கத்திலாவது பேஸ் கிடாரைத் தனி வாத்தியமாகப் போட்டு, கிடார் பழகிவிட்டு வரச் சொல்லும் வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வருகிற வைகாசியில் அவர்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக் கச்சேரியில் மூன்று பாட்டுக்கு அவள் வாசிக்கிறாள். குழுக்காரர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஜெனரேட்டருக்கு எர்த் ராடு அடிக்க நான் முந்தின நாளே போகிறேன். உங்கள் புகைப்படக்காரர் அந்தப் பக்கம் வந்தால், டிரம்ஸுக்குப் பக்கத்தில் வெளிச்சம் பாதி விழுகிற இடத்தில் நிற்கிற பிள்ளையையும் படத்துக்குள் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மோட்டார் வைண்டிங் தொழிலாளி,
கணபதி, கோவை - 6.